உருண்டையின் நடுவில் சிவப்பு

1

இந்தக் கதை என்னுடையது அல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் தம்பி தொலைபேசியில் சொன்ன ஒரு வாக்கியத்தை அப்படியே அமுக்கிக்கொண்டு வந்துவிட்டேன். "அக்கா, அது உள்ள போகவே இல்ல" என்றான். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். "எது, சாவியா?" என்று கேட்டேன். காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, ஈரச் சட்டை ஒன்றை உதறியபடி, "பூட்டுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் விடு" என்று யோசனை வேறு சொன்னேன்.

நான்கு வருட உழைப்பு பொய்யாகிப்போன செய்தியை அவன் உலகத்தில் முதல் ஆளாக என்னிடம் சொல்லியிருக்கிறான். நான் பூட்டுக்கு எண்ணெய் விடச் சொல்லியிருக்கிறேன்.

பிறகு அவன் விவரமாகச் சொன்னான். கேட்டுக்கொண்டேன். போனை வைத்ததும் நான் செய்த முதல் காரியம், அந்த வாக்கியத்தை நாட்காட்டியின் கிழித்த தாளில் குறித்து வைத்தது. அவனுக்கு ஆறுதலாக ஏதாவது சொன்னேனா என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. எழுதுகிறவர்களைக் குடும்பத்தில் வைத்திருப்பவர்கள் இதற்கெல்லாம் தயாராகத்தான் இருக்க வேண்டும்.

2

தொடக்கங்கள் நான்கு எழுதினேன். மறைப்பதற்கு ஒன்றுமில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

"கல்லீரல் மனித உடலின் உள்ளே இருக்கும் உறுப்புகளில் மிகப் பெரிய—" (விட்டுவிட்டேன். பகல் முழுவதும் பாடப்புத்தக அலுவலகத்தில் புரூஃப் பார்க்கிறவள் நான். அந்த வாடை எங்கே போனாலும் கூடவே வருகிறது.)

"மழை பெய்துகொண்டிருந்தது. ஆய்வகத்தின் சன்னலோரம் அவன் தன்னந்தனியாக—" (மழை பெய்யவில்லை. அந்த அறைக்குச் சன்னலும் கிடையாதாம்.)

"அவனுக்கு முப்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. எப்போது என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களும் அலுத்து ஓய்ந்துவிட்டார்கள்." (இது எனக்குப் பிடித்திருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்தது. அவனைப் பற்றி நான் எழுதிய வரி எனக்குப் பிடிக்கிறது என்றால், அதில் அவன் குறைவாகவும் நான் அதிகமாகவும் இருக்கிறேன் என்று பொருள்.)

நான்காவதை வைத்துக்கொண்டேன். அது கீழே வருகிறது. அழகாக இருக்காது, வேலை மட்டும்தான் இருக்கும்.

3

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு அவன் ஆய்வகத்துக்குள் நுழைந்தான். மேலங்கியை மாட்டி, கையுறை போட்டு, கையுறையின் மேல் ஸ்பிரிட் தெளித்துத் தேய்த்துக்கொண்டு, இன்குபேட்டரைத் திறந்து தட்டை வெளியே எடுத்தான். முப்பத்தேழு டிகிரி, உடம்பின் சூடு. உள்ளங்கை அளவே உள்ள தட்டில் தொண்ணூற்றாறு குழிகள், ஒவ்வொரு குழியிலும் ஒரு உருண்டை. பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். இந்த வரியின் கடைசியில் நான் வைக்கப்போகும் முற்றுப்புள்ளியைவிடச் சிறியது. அதற்குள் ஆயிரத்து ஐந்நூறு கல்லீரல் செல்கள் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு உயிரோடு இருக்கின்றன.

(யாருடைய கல்லீரல்? உறைந்த குப்பியின் மேல் "ஆண், ஐம்பத்திரண்டு" என்று மட்டும் எழுதியிருக்குமாம். இங்கே ஒரு கதை வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. எழுதுகிறவர் எவரும் முதலில் பாயக்கூடிய இடம். நான் பாயப்போவதில்லை. அந்த மனிதர் பாவம், தந்ததே போதும்.)

குழியில் இருக்கும் பழைய திரவத்தில் பாதியை உறிஞ்சி எடுத்துவிட்டு, புதியதில் அதே அளவை விட வேண்டும். மொத்தமாக எடுத்தால் உருண்டை காய்ந்துபோகும். குழாயின் நுனியை நடுவில் வைத்தால் உருண்டையும் சேர்ந்து மேலே ஏறிவிடும். அதனால் நுனியைக் குழியின் சுவரில் சாய்த்து, மூச்சை அடக்கிக்கொண்டு மெதுவாக இழுக்க வேண்டும். இப்படித் தொண்ணூற்றாறு முறை. ஒருநாள் விட்டு ஒருநாள் இதைச் செய்தாக வேண்டும், அன்றைக்கு என்ன கிழமை என்பதெல்லாம் உருண்டைக்குத் தெரியாது. அவன் நான்கு வருடத்தில் ஊருக்கு வந்தது இரண்டு முறை. இரண்டு முறையும் மறுநாளே திரும்பிவிட்டான்.

விடுமுறை நாட்களில் மற்றவர்களும் தங்கள் தட்டுகளை அவனிடமே விட்டுவிட்டுப் போனார்கள். "நீங்க எப்படியும் வருவீங்கதானே" என்பார்கள். ஆய்வகத்தில் அவனுக்குப் பட்டப்பெயரே 'சண்டே சார்'. கூப்பிடுகிறவர்கள் அன்பாகத்தான் கூப்பிட்டார்கள். அந்தக் கிழமையில் மட்டும் அப்படிக் கூப்பிட அங்கே ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

செல்களைத் தட்டையாகப் பரப்பி வளர்ப்பது சுலபம். ஆனால் அப்படி வளர்த்தால் கல்லீரல் செல்கள் சில நாட்களிலேயே தாங்கள் கல்லீரல் என்பதை மறந்துவிடும். உயிரோடு இருக்கும், வேலை மட்டும் செய்யாது. (எங்கள் அலுவலகத்தில் இப்படிப் பலரை எனக்குத் தெரியும்.) உருண்டையாக ஒன்றுகூடினால் வாரக்கணக்கில் கல்லீரலாகவே இருக்கும். அந்த உருண்டைக்குள் மருந்தைச் சுமக்கும் நுண்துகள் எவ்வளவு தூரம் போகிறது என்பதுதான் அவன் கேள்வி. ஒரு முடியின் குறுக்கே ஆயிரத்துக்கும் மேலாக வரிசையில் நிறுத்தலாம், அவ்வளவு பொடித் துகள். வெறுமனே பார்க்க முடியாது. அதனால் ஒவ்வொரு துகளின் மேலும் சிவப்புச் சாயம் ஒட்டி, உருண்டையோடு ஒருநாள் விட்டுவைத்து, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். சிவப்பு வெளியோரத்தில் மட்டும் இருந்தால் துகள் வாசலோடு நின்றுவிட்டது. நடுவில் இருந்தால் உள்ளே போய்விட்டது.

நடுவில் சிவப்பு இருந்தது. அதைக் கண்டவன் அவன். கட்டுரை வெளிவந்தது, கூட்டத்தில் கைதட்டினார்கள். ஒரு மாணவி அதே துகளில் மருந்தை ஏற்றித் தன் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கினாள்.

4

மேலே உள்ளதன் முதல் பிரதியை அவனுக்கு அனுப்பினேன்; நீங்கள் படித்தது திருத்திய பிறகு. அவன் அடைப்புக்குறி போட்டுத் திருத்தி அனுப்பினான். பிழை திருத்திப் பிழைப்பு நடத்துகிறவளுக்கே பிழைதிருத்தம்.

[பதப்படுத்தும் பெட்டின்னு எழுதியிருக்க. உள்ள பழமா வச்சிருக்கோம்? இன்குபேட்டர்னே எழுது.]

[ஸ்பிரிட் கையுறைக்கு மேல. நீ கைக்குத் தெளிச்சிட்டு கையுறை போடறே.]

[முற்றுப்புள்ளியைவிடச் சின்னதுன்னு சொன்னது சரிதான். நீ அனுப்பின தாள்லயே அளந்து பாத்தேன். உன் புள்ளி நானூறு மைக்ரான், என் உருண்டை இருநூத்தி முப்பது.]

என்னுடைய முற்றுப்புள்ளியை நுண்ணோக்கியில் வைத்து அளந்திருக்கிறான். என் எழுத்தை இவ்வளவு கவனமாக இதுவரை யாரும் படித்ததில்லை.

அந்தப் பிரதியில் இப்போது நீங்கள் பார்க்காத ஒருத்தி இருந்தாள். அடுத்த ஆய்வகத்தில் வேலை செய்பவள், கண்ணாடி போட்டவள், பதினோரு மணிக்கு இரண்டு கோப்பைத் தேநீரோடு வந்து "இன்னும் எத்தனை குழி பாக்கி?" என்று கேட்பவள். நான்தான் உண்டாக்கினேன். அவனைத் தனியாக விட எனக்கு மனம் வரவில்லை. அவளுக்கு நேராக அவன் எழுதியிருந்தது:

[இப்படி யாரும் இல்ல.]

கோபமும் இல்லை, கிண்டலும் இல்லை. போன் செய்தேன்.

"கதைக்காகத்தான்டா."

"தெரியும்."

"கொஞ்சம் கலகலப்பா இருக்கட்டுமேன்னு பாத்தேன்."

"உள்ள டீ கொண்டு வரக் கூடாது அக்கா. கண்டுபிடிச்சா அவங்களுக்குத்தான் திட்டு விழும்."

இல்லாத ஒருத்திக்குத் திட்டு விழக் கூடாது என்று அவன் கவலைப்பட்டான். நான் அவளை அடித்து நீக்கிவிட்டேன்.

இன்னொரு விஷயம். அதே பக்கத்தில் இப்படியும் எழுதியிருந்தேன்: "மதியம் அவன் பின்படிக்கட்டின் திருப்பத்தில் நின்றுகொண்டே சாப்பிடுவான். ஐந்து நிமிடம்கூட ஆகாது." இதுவும் சுத்தக் கற்பனை. எழுதும்போதே கொஞ்சம் அதிகமாகச் சோகத்தைப் பிழிகிறேனோ என்று தோன்றியது. வந்த பிரதியில் அதற்கு முந்தைய வரியில் ஒரு காற்புள்ளியை நீக்கியிருந்தான். பிந்தைய வரியில் டிகிரியைத் திருத்தியிருந்தான். படிக்கட்டை மட்டும் அப்படியே விட்டிருந்தான்.

புரூஃப் பார்க்கிறவளுக்கு இது நன்றாகத் தெரியும். தொடாமல் விட்ட வரி என்றால் சரியான வரி. அப்போதே அவனைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்டால் அவன் ஏதாவது சொல்லிவிடுவான் என்று பயமாக இருந்தது.

5

இனி, அவன் உண்மையைக் கண்ட செவ்வாய்க்கிழமை. இதை அவனுடைய பக்கத்திலேயே நின்று எழுதப் பார்க்கிறேன்.

இரண்டாவது கட்டுரையோடு அழகாக ஒரு படம் வேண்டும் என்று பத்திரிகையிலிருந்து கேட்டிருந்தார்கள். துகளின் நடுவே தங்கம் இருந்ததால், எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அது கருப்புப் புள்ளியாக எடுப்பாகத் தெரியும். கீழ்த்தளத்தில் அந்தக் கருவியை இயக்கும் படக்காரரிடம் ஓர் உருண்டையைக் கொடுத்துவிட்டு வந்தான். சந்தேகப்பட்டுக் கொடுக்கவில்லை, அழகுக்காகத்தான் கொடுத்தான். படக்காரர் அதிகம் பேச மாட்டார். கொடுத்ததை மெல்லிய சீவலாக அறுத்து, படமெடுத்து, கணினியில் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

காலை பதினோரு மணிக்கு அவன் படங்களைத் திறந்தான். உருண்டையின் வெளிச் சுற்றுச் செல்களில் கடுகு கொட்டியதுபோலப் புள்ளிகள். அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த சுற்றில் அங்கொன்றும் இங்கொன்றும். மூன்றாவது சுற்றில் ஒன்றுமில்லை. நடுப்பகுதியின் படத்தைத் திறந்தான். துடைத்து வைத்ததுபோல இருந்தது.

திரையைத் துணியால் துடைத்துப் பார்த்தான். படம் மாறிப்போயிருக்கும் என்று நினைத்தான். சீவல் சரியில்லை என்று நினைத்தான். படக்காரரிடம் மேலும் பதினொரு உருண்டைகளைக் கொடுத்தான், காரணம் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து அவையும் அதையே சொல்லின. நடுவில் சிவப்பு இருந்தது, தங்கம் இல்லை. சாயம் மட்டும் கழன்றுகொண்டு செல்லுக்குச் செல் தாவி நடுவரைக்கும் போயிருக்கிறது. துகள் வாசலிலேயே நின்றுவிட்டது.

அன்று திரவம் மாற்றும் நாள். எழுந்து போய்த் தொண்ணூற்றாறு குழிகளுக்கும் மாற்றினான். ஓர் உருண்டையையும் தவறவிடவில்லை.

[அக்கா, ரெண்டு உருண்டை போச்சு. கை கொஞ்சம் சரியில்ல அன்னிக்கு.]

6

"அப்ப நீ முன்னாடியே சோதிச்சுப் பாக்கலையா? சாயம் கழலுமா கழலாதான்னு?" முதல் ஞாயிற்றுக்கிழமை, துணியெல்லாம் வாளியிலேயே கிடக்க, நான் இப்படித்தான் கேட்டேன். எல்லாம் முடிந்த பிறகு இப்படிக் கேட்பதில் எனக்கு இணை கிடையாது.

"பாத்தேன். ரெண்டு நாள் வச்சுப் பாத்தேன். துளிகூடக் கழலல."

"அப்புறம் எப்படி?"

"தட்டையா வளத்த செல்லுல பாத்தேன். எல்லாரும் அதுலதான் பாப்பாங்க. சுலபம், சீக்கிரம் முடியும்." கொஞ்சம் நிறுத்தினான். "தட்டையா இருக்கறது கல்லீரலே இல்லையேக்கா. அதுக்கு ஒண்ணையும் உடைக்கத் தெரியாது. வந்ததை உடைக்கறதுதான் கல்லீரலோட வேலை. உருண்டைக்கு அது நல்லாத் தெரியும். சாயம் ஒட்டியிருந்த இடத்தைப் பாத்து வெட்டி விட்டுடுச்சு."

"உன் தப்பு என்னடா இதுல?"

"உருண்டைய நான் ரொம்ப நல்லா வளத்துட்டேன்."

இதைச் சொல்லிவிட்டு அவன் சிரித்தான். நானும் சிரித்தேன், வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. மறுநாள் பஸ்ஸில் போகும்போதுதான் எனக்கு அழுகை வந்தது. மோசமான கையாக இருந்திருந்தால், ஞாயிற்றுக்கிழமை தூங்கியிருந்தால், உருண்டைகள் சோர்ந்துபோயிருக்கும், சாயமும் கழன்றிருக்காது. உண்மை அப்போதே தெரிந்திருக்கும்.

இப்போது வாசகருக்கு ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்தச் செய்தி அவனுக்கு மட்டும்தான் தெரியும். படக்காரருக்குத் தான் எடுத்தது என்ன படம் என்று தெரியாது. ஆய்வகத்தின் தலைவி, எல்லாரும் மேடம் என்று கூப்பிடுபவர், ஒன்றும் அறியார். மாணவி ஆறு வாரத்தில் தன் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும். ஐந்து அத்தியாயங்களில் மூன்று அந்தச் சிவப்பின் மேல் நிற்கின்றன. அவன் வாயைத் திறந்தால் அவளுடைய மூன்று அத்தியாயங்களும் போகும், அவனுடைய கட்டுரையை அவனே கையெழுத்துப் போட்டுத் திரும்பப் பெற வேண்டும். திறக்காவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. மூன்று வாரமாகத் திறக்கவில்லை. என்னிடம் மட்டும் சொன்னான், நான் அதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

"நீ எழுதிக்கோ, ஆனா நான் மேடத்துகிட்ட சொல்ற வரைக்கும் வெளிய விடாத" என்றான். சத்தியம் செய்தேன்.

7

மூன்று முடிவுகள் எழுதினேன்.

அ. அவன் மேடத்திடம் சொல்லிவிடுகிறான். மேடம் மேஜையை ஓங்கித் தட்டி, "எத்தனை நாளா தெரியும் உனக்கு?" என்று கத்துகிறார். அவன் தலைகுனிந்து நிற்கிறான். (மேஜையைத் தட்டுவது சினிமாத்தனம் என்று எனக்கே தெரியும். ஆனால் கோபப்படும் மேலதிகாரியைத் தட்டாமல் எப்படி எழுதுவது என்று பிடிபடவில்லை.)

ஆ. அவன் சொல்வதில்லை. வெளிச் சுற்றின் படம் மட்டும் பத்திரிகைக்குப் போகிறது. கடுகு கொட்டியதுபோல, மிக அழகாக. மாணவி பட்டம் வாங்குகிறாள், அவனுக்கு இனிப்பு கொடுக்கிறாள். அவன் வாங்கித் தின்கிறான். (இதுதான் கதையாக நன்றாக வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, இரண்டு நாள் இது நடக்கட்டும் என்றுகூட நினைத்தேன். ஆனால் இதில் ஓட்டை இருக்கிறது. நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் அவன் சொல்லிவிட்டான் என்று பொருள். இல்லாவிட்டால் என் சத்தியப்படி இந்தத் தாள் மேஜையைவிட்டு வெளியே வந்திருக்காது. கெட்டிக்கார வாசகர்கள் போன பகுதியிலேயே கண்டுபிடித்திருப்பார்கள்.)

இ. மாணவியே ஒருநாள் கீழ்த்தளத்துக்குப் போய்ப் படக்காரரிடம் — இல்லை, அவள் எதற்குப் போகிறாள்? யாரோ ஒருத்தர் வந்து கண்டுபிடித்துவிட்டால் அவன் சொல்ல வேண்டியதில்லை என்கிற என் ஆசைதான் அவளைப் போகச் சொல்லி —

மூன்றையும் அவனுக்கு அனுப்பினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் கூப்பிடவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. நான் கூப்பிட்டேன், மணி அடித்து அடித்து ஓய்ந்தது. வீட்டில் எனக்கு அந்த நேரத்தில் செய்ய ஒன்றுமில்லை. வாரத்தில் ஒருநாள் அவன் கூப்பிடும் காலை ஒன்பதரை மணிக்காக நானும் காத்திருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. என்னைக் கூப்பிடவும் வேறு ஆள் கிடையாது. இதை ஏன் அவனுடைய கதையில் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. வேண்டாமென்றால் தாண்டிப் படியுங்கள்.

8

மூன்றாவது வாரம் பிரதி வந்தது. ஆ, இ இரண்டின் மேலும் குறுக்கே ஒரே கோடு. அ-வுக்குப் பக்கத்தில்:

[மேடம் மேஜையத் தட்டல. எவ்வளவு நாளான்னும் கேக்கல. படத்தையெல்லாம் பாத்துட்டு, 'யாரோட உக்காந்து பாத்தே'ன்னாங்க. நான் மட்டும்தான்னேன். 'நாலு வருஷமாவா'ன்னாங்க. ஆமான்னேன். அப்புறம் ஆய்வேடு எழுதற பொண்ணையும் கூப்பிட்டுச் சொல்லிட்டோம். நான்தான் சொன்னேன்.]

அன்றைக்கே போனும் வந்தது.

"அவ என்னடா சொன்னா?"

"'சரியா எண்ணிப் பாத்துட்டுச் சொல்லுங்க, அது வரைக்கும் நான் எழுதறத நிறுத்தி வைக்கறேன்'னா. எழுந்து போயிட்டா. ஓரமா நின்னு அழுதாளாம், மேடம் சொன்னாங்க."

"எண்ணிப் பாத்துட்டுன்னா?"

"நான் கண்ணால பாத்து இல்லன்னு சொன்னா செல்லாது. பன்னண்டு உருண்டை, உருண்டைக்குப் பன்னண்டு படம். எது நடு, எது ஓரம்னு தெரியாத மாதிரி வெட்டி, பேரை எடுத்துட்டு, மேடம் நம்பர் போட்டு வச்சிருக்காங்க. எண்ணறவங்களுக்கு எது எங்கேருந்து வந்ததுன்னு தெரியக் கூடாது. இங்க எல்லாருக்கும் இதுல ஏதோ ஒரு பங்கு இருக்கு. அதனால வெளி ஆள் வேணும்."

"பெரிய படிப்புப் படிச்சவங்களா?"

"கருப்புப் புள்ளிய எண்ணத் தெரிஞ்சா போதும். பொறுமை வேணும், சின்ன சின்ன விஷயம் கண்ணுல படணும்." மூச்சு விட்டான். "தப்பு கண்டுபிடிக்கறதே வேலையா இருக்கறவங்க யாராவது தெரியுமான்னு மேடம் கேட்டாங்க."

நான் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"எங்க அக்கான்னு சொன்னேன். சொந்தக்காரங்களான்னு யோசிச்சாங்க. அப்புறம், படத்துக்குத்தான் பேரே இல்லையே, அவங்க யாருக்குச் சாதகமா எண்ணுவாங்க, வரட்டும்னாங்க. மேடமும் பேரைப் பாக்காம தனியா ஒரு தடவை எண்ணுவாங்க." பிறகு அவசரமாகச் சேர்த்துக்கொண்டான். "முடியலன்னா பரவால்ல. உனக்கு லீவு கிடைக்காது."

நான்கு வருடத்தில் "வா" என்ற சொல் அவன் வாயிலிருந்து வந்ததில்லை. இப்போதும் வரவில்லை. "எப்போ எண்ணணும்?" என்று கேட்டேன்.

9

இந்தப் பகுதியை அந்த அறையிலிருந்து எழுதுகிறேன். மேஜை, நாற்காலி, கணினித் திரை, கட்டைவிரலால் அமுக்கினால் ஒன்று கூடும் ஓர் எண்ணும் கருவி. கணக்குக் குறிக்க மேடம் கொடுத்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் இது. எண்ணத் தொடங்கும் முன் முடித்துவிட வேண்டும்.

பஸ் நிலையத்துக்கு வந்திருந்தான். பெட்டியை வாங்கிக்கொண்டான். "வந்துட்டியா" என்றான், "வந்துட்டேன்" என்றேன். முன்பைவிட இளைத்திருக்கிறான். காதுக்கு மேல் நரைத்திருக்கிறது, அதை எந்தப் பிரதியிலும் நான் எழுதவில்லை, எனக்குத் தெரியாது. எவ்வளவோ பேச வேண்டும் என்று வழி முழுக்கச் சேர்த்துவைத்துக்கொண்டு வந்தேன். வெயிலைப் பற்றிப் பேசினோம். ஆய்வகத்தை அடைந்ததும் மேடம் வரவேற்றார். குட்டையானவர், மெல்லிய குரல், மேஜையைத் தட்டும் ஆள் இல்லவே இல்லை. அவர் முதலில் சொன்னது விதியை.

"எண்ணி முடிக்கிற வரைக்கும் உங்க தம்பி இந்த ரூமுக்குள்ள வரக் கூடாது. நீங்க ரெண்டு பேரும் பேசிக்காம இருந்தா நல்லது. முகத்தைப் பாத்தாலே சில பேருக்கு நம்பர் மாறிடும்மா."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"ரெண்டு நாள். அவசரப்படாதீங்க."

நான்கு வருடத்தில் முதல் முறையாகத் தம்பியின் இடத்துக்கு வந்த எனக்கு அவனோடு பேசத் தடை. சிரிப்புத்தான் வந்தது. அவனுக்கும் வந்திருக்கும், ஆனால் அவன் அதற்குள் வெளியே போய்விட்டான்.

இன்னொரு விதியும் உண்டு, அது எனக்கானது, மேடம் அறியாதது. எண்ணுகிறவளுக்கு முடிவு தெரிந்திருக்கக் கூடாது. முடிவின் மேல் ஆசையும் இருக்கக் கூடாது. என்னிடமோ மூன்று முடிவுகள் இருந்தன, எல்லாம் நானே எழுதியவை. பிரதியை மொத்தமாக மடித்து மேடத்தின் மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டேன். தம்பி சொன்னது சரியாக இருந்தால், அந்தப் பெண்ணின் மூன்று அத்தியாயங்களை இந்தக் கட்டைவிரல் அழிக்கும். தவறாக இருந்தால், அவன் இத்தனை வாரம் தனியாகப் பட்டதெல்லாம் வீண். எது நடக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருக்கிறதா? இருக்கிறது. அதை இங்கே எழுத மாட்டேன், எழுதினால் கை அந்தப் பக்கம் போகும்.

ஆகவே இந்தக் கதையை முடிக்கும் தகுதி இப்போது எனக்கு மட்டும்தான் இல்லை. உங்களுக்கு இருக்கிறது. தெரிய வேண்டியதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

கதவில் சதுரமாக ஒரு கண்ணாடி இருக்கிறது. அதன் வழியே தாழ்வாரம் தெரிகிறது. அங்கே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். போய் உன் வேலையைப் பார் என்று மேடம் சொல்லியும் போகவில்லை. அந்தத் தாழ்வாரத்து விளக்கு ஆள் அசைவைப் பார்த்து எரிவது போலிருக்கிறது. சில நிமிடம் அவன் ஆடாமல் இருந்தால் ஆளே இல்லை என்று அணைந்துவிடுகிறது. அப்போது இருட்டில் அவன் ஒரு கையைத் தூக்குகிறான். எரிகிறது. திரும்பவும் அணைகிறது, திரும்பவும் தூக்குகிறான்.

முதல் படத்தைத் திறந்துவிட்டேன். சாம்பல் நிறம். மேல் மூலையில் கருப்பாக ஏதோ ஒன்று, புள்ளியா தூசியா என்று தெரியவில்லை. கேட்டுக்கொள்ளவும் ஆள் கிடையாது.

முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள், நான் குறுக்கே வர மாட்டேன். தயவுசெய்து எனக்கு மட்டும் சொல்லிவிடாதீர்கள்.